நொய்யல் வழக்கும் தொழிலறமும்: திருப்பூர்ச் சாயத்தொழில் வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

கொங்குநாட்டின் தொழிலறம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் கொடையிலிருந்தே தொடங்குகின்றன. 1926ஆம் ஆண்டு பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாம் பங்கை அறநிலையத்திற்கு ஒதுக்கிய செய்தி கோவையில் பலமுறை எடுத்துரைக்கப்பட்டதாகும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்கீழ், பெருநிறுவனங்கள் முந்தைய மூவாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இரண்டிலும் அறம் என்பது ஈட்டிய பொருளைப் பகிர்வதாகும். பொருளீட்டும் முறையே பிறர் நிலத்தைக் கெடுக்குமாயின் அக்கொடையை எவ்வாறு மதிப்பிடுவது? திருப்பூரின் சாயத்தொழில் வரலாறு இவ்வினாவை நீதிமன்றத்தில் எழுப்பியது.

உப்பும் ஆறும்

காஞ்சிமாநதி எனப் பழம்பெயர் பெற்ற நொய்யல், வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. 1980களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி விரைந்து வளர்ந்தது. உள்நாட்டு வெள்ளைப் பனியனுக்குச் சலவை பெரிதும் போதுமானதாக இருந்தது. அயல்நாட்டுச் சந்தை வண்ணத்தைக் கோரியது. பருத்தி இழையில் சாயம் ஏறுவதற்குச் சாயத்தொட்டியில் மிகுதியாக உப்புச் சேர்க்க வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. கழிவுநீரோடு முழுமையாக வெளியேறிவிடுகிறது. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டுத் தெளியவைக்கும் தொடக்கநிலைச் சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்கும்; கரைந்த உப்பை நீக்காது. 1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் அடிப்படைக் குறை இதுவே. நீர் தெளிவாகத் தோன்றியது. ஆனால் அதில் கரைந்திருந்த திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்னும் வரம்பை மிஞ்சின.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென 1992இல் திறக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. பாசனம் பெற வேண்டிய உழவர்களே அணையில் நீரைத் தேக்க வேண்டா எனக் கோரும் நிலை உருவானது. நீர்ப்பாசன வரலாற்றில் இது அரிய முரண்.

இருதரப்பு உறவு

இவ்வழக்கை ஊருக்கும் வெளியாருக்கும் இடையிலான பூசலாகக் காண்பது பொருந்தாது. சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் காட்டுவதுபோல், திருப்பூர்ப் பட்டறை உரிமையாளர் பலர் வேளாண் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளராகத் தொடங்கித் தம் உழைப்பைச் சொல்லி முதலாளியானவர்கள். ஆற்றின் மேற்பகுதியில் தொழில் நடத்தியவரும் கீழ்ப்பகுதியில் கிணறு கெட்டவரும் பெரும்பாலும் ஒரே வட்டாரப் பண்பாட்டினர். உழைப்பால் உயர்ந்தோம் என்னும் பெருமிதம், பிறருடைய உழைப்பின் நிலத்தை எண்ணத் தவறியது என்பதே இங்குச் சொல்லத்தக்கது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 22.12.2006 அன்று, 31.07.2007க்குள் பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்ற நிலையை எய்த வேண்டும் என ஆணையிட்டு, அதுவரை வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் தண்டமும் விதித்தது. 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்த அத்தண்டம், ஆற்றில் விடும் நீருக்கு முதன்முறையாக ஒரு விலையை உற்பத்திச் செலவுக் கணக்கில் ஏற்றியது. உச்சநீதிமன்றம் 06.10.2009 அன்று அவ்வாணையின் அடிப்படையை ஏற்று மூன்று மாத அவகாசம் தந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு, தோல் பதனிடும் தொழில் குறித்த வேலூர் வழக்கில் 1996லேயே நிலைபெற்றிருந்தது. ஆணைகள் நிறைவேறாமையால் 28.01.2011 அன்று சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர். துணிகள் வெளியூர்களுக்குச் சாயமேற்றச் சென்றன.

போட்டியும் செலவும்

கடுமையான சூழலியல் விதிகள் புத்தாக்கத்தைத் தூண்டிப் போட்டித்திறனை உயர்த்தும் என்பது மைக்கேல் போர்ட்டரும் வான் டெர் லிண்டேயும் 1995இல் முன்வைத்த கருத்து. திருப்பூர் அதற்குப் பாதிச் சான்றே ஆகிறது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக்கரைசலை மீட்டுச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பும் முறை செயல்பட்டது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஆலைகள் படிப்படியாக மீண்டும் இயங்கின. புத்தாக்கம் நிகழ்ந்தது உண்மை. ஆயினும் அதற்கான விலையை வாங்குவோர் தரவில்லை. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் சுங்கவரிச் சலுகை பெற்ற வங்கதேசத்தோடு போட்டியிட வேண்டிய நிலையில், ஆவியாக்கிகளுக்கான எரிபொருள் செலவு உள்ளூர்த் தோள்களிலேயே விழுந்தது.

ஏற்றுமதியாளர் பலர் சாயமேற்றலைக் கிலோவுக்கு இவ்வளவு கூலி என ஜாப் ஒர்க்குக்கு விடுபவர்கள். வாங்கும் நிறுவனங்களின் நன்னடத்தை விதிகள் நெடுங்காலம் தையற்கூடத்தின் விளக்கையும் தீயணைப்பானையும் ஆராய்ந்த அளவுக்குச் சாயத்தொட்டியின் வடிகாலை ஆராயவில்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டினால்தான் 135ஆம் பிரிவு பொருந்தும். சிறு சாயப்பட்டறைகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. நொய்யலின் நீர் குறித்த கடப்பாடு அவற்றின்மேல் நிறுவனச் சட்டத்தின் வழியே வரவில்லை. ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கின் வழியே வந்தது. சுத்திகரிப்பின் முடிவில் எஞ்சும் கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகச் சேர்ந்தன; அவற்றை எங்குக் கொண்டுசேர்ப்பது என்பதற்கு அவ்வழக்கின் ஆணைகளிலும் முழுமையான விடை இல்லை.