உர ஆலையின் மிச்சம்

கோலி சோடாவில் குமிழ்விடும் அதே கரியமில வாயுதான். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் உர ஆலையில் பிறந்ததற்கு இன்னொரு வேலையும் இருந்தது: அறுப்பதற்கு முன் கோழியை மயங்கவைப்பது.

அதன் பிறப்பில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இயற்கை எரிவாயுவோடு நீராவியைச் சேர்த்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். உரத்துக்கான அம்மோனியாவுக்கு வேண்டியது அதுதான். கூடவே வருகிற கரியமில வாயு வேண்டாத பிள்ளை. அதைப் பிடித்து, சுத்தம் செய்து, குளிரவைத்துத் திரவமாக்கி டேங்கர் லாரியில் ஏற்றுவார்கள். சில லாரிகள் குளிர்பான ஆலைக்கு, சில இறைச்சிக்கூடத்துக்கு.

இறைச்சிக்கூடத்தில் அது மறுபடி வாயுவாகி ஓர் அறையை நிறைக்கும். கோழிகள் வந்த கூடையோடே உள்ளே போகும். மின்சார முறையில் அப்படியில்லை. உயிரோடு காலைக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்சாரம் பாயும் தண்ணீரில் தலையை முக்குவார்கள். படபடவென்று அடிக்கும் இறக்கை முதலில் தண்ணீரில் பட்டு ஷாக் வாங்குவதும் உண்டு. அந்தத் தொங்கல் இல்லை என்பதற்காகவே நான் வாயுவின் பக்கம்.

அதற்காக இதைத் தாலாட்டு என்று சொல்லிவிட முடியாது. சோடாவை அவசரமாகக் குடித்து மூக்கில் ஏறினால் சுரீரென்று எரியுமே, ஈரத்தில் கரைந்து அமிலமாகிற அந்தக் குணம் இங்கேயும் உண்டு. கோழி தலையை உதறும். அலகைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். அப்புறம்தான் கழுத்து தொய்யும். அதனால்தான் 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், இரண்டு கட்டமாக வாயு கொடுக்கும்போது நினைவுள்ள கோழிக்கு 40 சதவீதம் வரைதான் என்கிறது. நினைவு தப்பிய பிறகே அளவைக் கூட்டலாம். ஆர்கானில் இந்த எரிச்சல் கிடையாது, விலைதான் இடிக்கும்.

விலை விளையாடியது 2021 செப்டம்பரில். எரிவாயு விலை எகிற, பில்லிங்ஹாம், இன்ஸ் ஆகிய தன் உர ஆலைகள் இரண்டையும் சி.எஃப். நிறுவனம் நிறுத்தியது. பிரிட்டனில் விற்பனையான கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம் அப்போது அந்த நிறுவனத்துடையது. கோழி நிறுவனங்கள் அலறின. அறுக்க முடியாவிட்டால் வளர்ந்த கோழிகள் கொட்டகையிலேயே நெருக்கியடிக்கும். கடைசியில் அரசே மூன்று வாரச் செலவுக்குக் கைகொடுத்து பில்லிங்ஹாமை ஓடவைத்தது. கோழியின் கடைசி நிமிடத்துக்கும் எரிவாயுச் சந்தைக்கும் இப்படி முடிச்சுப் போட்டிருந்தது யாருக்குமே உறைக்கவில்லை போலும்.

2022இல் இன்ஸ் ஆலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். 2023இல் பில்லிங்ஹாமின் அம்மோனியாப் பிரிவையும் மூட முடிவெடுத்தார்கள். அம்மோனியாவை இறக்குமதி செய்துகொள்வார்களாம். கப்பலில் வரும் அம்மோனியாவோடு கரியமில வாயு வராது.