சுண்ணமும் ஈரமும்

வண்ணக் குழம்பும் நறுமணச் சுண்ணமும் தண்ணிய சந்தனமும் பூவும் புகைப்பொருளும் விற்றுத் திரிந்தவர்களைக் காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்புகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறார் இளங்கோவடிகள். அவருடைய காப்பியத்தின் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலன் மகிழும்படி மாதவி தன் கூந்தலை நீராட்டுமிடத்து, 10 வகைத் துவர்ப்பொருளும் 5 வகை விரையும் 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீர் பேசப்படுகிறது. ஒரு தலைமுழுக்குக்கு 47 சரக்குகள் என்றால், அவற்றைக் காலமறிந்து சேர்த்து, உலர்த்தி, இடித்து, சலித்து வைத்திருந்த கைகள் எத்தனை இருந்திருக்க வேண்டும்! மேனிக்கும் கூந்தலுக்கும் வேண்டியவற்றை வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கும் இக்காலத்துப் பெண்களின் தொழிலுக்கு இத்தகைய பழமை உண்டு என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி.

இத்தொழிலின் உயிர்நிலை எது என்பதைச் சீவக சிந்தாமணியைப் போல் விளக்கிக் காட்டும் நூல் வேறொன்றை நான் அறியேன். சுரமஞ்சரி, குணமாலை என்னும் செல்வ மகளிர் இருவர், தாம் செய்த சுண்ணங்களுள் எது சிறந்தது என்று வாதுகொண்டு, தோற்றவள் நீராடாமல் திரும்ப வேண்டுமென்று பந்தயம் வைக்கின்றனர். தோழியர் ஏந்திச் சென்ற இரு சுண்ணங்களையும் கண்ட சீவகன், குணமாலையினுடையதே நல்லதென்றும், அது கோடையிற் செய்யப்பட்டதென்றும், மற்றது குளிர் காலத்தில் ஆக்கப்பட்டதென்றும் தீர்ப்புரைத்து, இரண்டையும் வானில் தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே நாடுகின்றன. தோற்ற சுரமஞ்சரி நீராடாமலே கன்னிமாடம் புகுந்து ஆடவரைக் காண்பதில்லையென்று விரதம் பூணுவது கதையின் போக்கு. 1887இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்த நாள் முதல் இப்பகுதியை அதன் கற்பனைச் சுவைக்காகப் போற்றுவோர் பலர். எனக்கோ அத்தீர்ப்பின் காரணமே பெரிதாகப் படுகிறது. சரக்கின் பெயரையோ விலையையோ சீவகன் கேட்கவில்லை. அது காய்ந்த பருவத்தைக் கண்டறிந்தான். பொடிக்குப் பகை ஈரம் என்னும் தொழில் இரகசியம் நூலாசிரியர் திருத்தக்கதேவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வடமொழியிலும் இக்கலைக்குக் கந்தயுக்தி என்ற பெயரும் அறுபத்து நான்கு கலைகளுள் ஓரிடமும் உண்டு. ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர், தமது பிருஹத் சம்ஹிதையில், 16 பரிமளத் திரவியங்களினின்று நான்கு நான்காகத் தேர்ந்தால் 1,820 சேர்க்கைகள் பிறக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறார். கணித சாஸ்திரம் வாசனைத் தட்டின் அருகில் வந்து அமர்ந்த அந்தக் காட்சி மிகவும் ரசிக்கத் தக்கது.

நம் இல்லங்களில் எஞ்சி நிற்பது நலங்கு மாவு. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று நாட்டு மருந்துக் கடையில் கட்டி வாங்கிவந்து, கிழங்குகளை உச்சி வெயிலிலும், மணம் போய்விடாதபடி பூக்களை நிழலிலும் உலர்த்தி, ஒடித்தால் வளையாமல் முறியும் பதம் வந்தபின், மிளகாய் அரைக்கும் இயந்திரத்தில் தப்பித் தவறியும் போட்டுவிடாமல், சீயக்காய்க்கென்று வைத்த இயந்திரத்தில் கொடுத்து அரைத்து, வந்த மாவைச் சூடு ஆறும்வரை துணியில் பரப்பிவைத்து, பிறகே டப்பாவில் அடைப்பார்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, சில நாட்களில் பூஞ்சை காணும். முகத்துக்கு வேண்டுமாயின் மெல்லிய துணியால் வஸ்திரகாயம் செய்வதும் உண்டு. இத்தனை பிரயாசையும் ஒன்றைக் குறித்ததே: உபயோகிக்கும் கணம் வரையில் நீர் அணுகக் கூடாது. குளிக்கும்போது உள்ளங்கையில் குழைத்துக் கொள்ளும் நீரே அதற்கு முதல் நீர்.

எண்ணெயையும் நீரையும் ஒன்றாக்கி நெடுநாள் வைத்திருக்க முயலும் லோஷன், இதற்கு முற்றிலும் மாறான வழியிற் செல்வது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் காலன், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் பன்னீரோடு சேர்த்து அடித்துச் செய்த களிம்பையே இன்றைய குளிர்க் களிம்புகளின் மூதாதை என்பர். நீர் புகுந்த இடத்தில் கிருமியும் புகும் ஆதலால், அதைத் தடுக்கும் பொருளும், எண்ணெயும் நீரும் பிரியாமல் பிணைக்கும் பொருளும் இன்றி லோஷன் நிலைப்பதில்லை. சர்க்கரையையும் எண்ணெயையும் கலந்து செய்யும் ஸ்கிரப்பில் நீரில்லையே என்று நிம்மதி கொள்வதற்குமில்லை. குளியலறையில் ஈரக்கை அந்தப் புட்டியில் எத்தனை முறை நுழைகிறது! பாட்டி செய்த பொடிக்கு இயற்கையாகவே வாய்த்த காப்பு இவற்றுக்கு வாய்க்கவில்லை என்பதை இத்தொழிலில் இறங்குவோர் முதற்பாடமாகக் கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1888இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. அது துணி வெளுக்கும் சோப்பே எனினும், அதைத் தொடர்ந்து மேனிச் சோப்புகளும் வந்து பரவின. ஆற்றங்கரையும் கிணற்றடியும் போய்க் குழாயும் சாக்கடையும் கொண்ட குளியலறை வந்ததும் பொடிக்குப் பாதகமாயிற்று. சீயக்காயைப் பெரிதும் அசைத்தது கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து ஏழைக்கும் எட்டும் பண்டமாக்கினார்; அவருடைய புதல்வர் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொடங்கிய தொழில் பெரு நிறுவனமாய் வளர்ந்தது. ஒரு வேளைக்கு ஓர் உறை என்னும் ஏற்பாடு விலையைக் குறைத்ததோடு, திறந்த புட்டியில் ஈரம் புகும் தொல்லையையும் ஒழித்தது.

இன்று சுயஉதவிக் குழுக்களிலும் தனி வீடுகளிலும் குளியல் பொடி மறுபடி இடிபடுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. 1940இல் மருந்துகளுக்கென இயற்றப்பட்ட சட்டம் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அழகுசாதனப் பொருள்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டதனால், விற்பனைக்கென்று இவற்றைச் செய்பவர் உரிமம் பெறக் கடமைப்பட்டவர். அதை வீண் தொல்லை என்று நினைப்பது தவறு. வாங்குபவர் நம்பித் தம் குழந்தையின் தோலில் தேய்க்கும் பொருள் அது. ஆயினும் ஒற்றை அறையில் உழைக்கும் பெண்ணொருத்தி தனியிடமும் தனிக்கருவியும் தேடுவது எளிதன்று. மாவட்டத் தொழில் மையங்கள் கடன் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வதோடு நில்லாமல், மழைக்காலத்திலும் கிழங்கு காயும்படியான பொது உலர்களம் ஒன்றையும், மிளகாய் வாடை படாத அரவை இயந்திரம் ஒன்றையும் வட்டந்தோறும் அமைத்துக் கொடுக்குமானால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வேலையற்றிருக்கும் அக்கைகளுக்கு ஆண்டு முழுவதும் வருமானம் உண்டு.