கை வர்க்கத்தில் எது கை?

புள்ளியியல் வகுப்பில் ஆசிரியர் 'கை வர்க்கச் சோதனை' என்று கரும்பலகையில் எழுதியதும், பின் பெஞ்சில் ஒருவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். ரேகை சமாசாரம் என்று நினைத்தானோ என்னவோ. சிரித்த எங்களுக்கும் அது எந்தக் கை என்று தெரியாது.

அது கிரேக்க நெடுங்கணக்கின் இருபத்திரண்டாம் எழுத்து. இன்றைய கிரேக்கர் வாயில் 'ஹி'. ஆங்கிலேயர் அதைக் 'கை' என்றார்கள். நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம். ஏதென்ஸிலிருந்து நேரே வந்திருந்தால் 'ஹி வர்க்கம்' என்று படித்திருப்போம், யாரும் கையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1900இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் இந்தச் சோதனையை முன்வைத்த கட்டுரையில் இந்த எழுத்தை வர்க்கமாக எழுதினார். சோதனையில் வர்க்கமூலம் எடுத்து வெறும் கையைத் தனியே கையாள்வது அரிது. ஆகவே பெயரின் உயிர் பின்பாதியில்தான் இருக்கிறது. வர்க்கம் ஆரியபடர் காலத்திலேயே கணிதச் சொல். தன்னைத் தன்னால் பெருக்கியது என்று ஒரு பொருள். இனம், கூட்டம் என்று இன்னொன்று. தொழிலாளி வர்க்கம் என்கிறோமே, அது. ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிடும் சோதனைக்கு இரண்டு பொருளும் ஒட்டுகின்றன. தற்செயல்தான், ஆனாலும் அழகு.

இரண்டு விகிதங்கள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு: வித்தியாசத்தை அதன் திட்டப் பிழையால் வகுப்பது. அந்த ஈவுக்கு 'இஸட்' என்று பெயர். 1915இல் புள்ளியியலாளர்கள் கிரீன்வுட்டும் யூலும் டைபாய்டு, காலரா தடுப்பூசிக் கணக்குகளை இரண்டு வழியிலும் போட்டார்கள். விடைகள் ஒத்துவரவில்லை. பியர்சன் வழிப்படி, ஊசி போட்டவர்-போடாதவர், நோய் வந்தவர்-வராதவர் என்ற நான்கு கட்ட அட்டவணையில் மூன்று கட்டங்கள் சுதந்திரமானவை. வித்தியாசம் உண்மை என்று சொல்ல, ஐந்து விழுக்காட்டு மட்டத்தில் கை வர்க்கம் 7.81ஐத் தாண்ட வேண்டும். 1922இல் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் இதை மறுத்தார். ஓரக் கூட்டுத்தொகைகள் நிலையாக இருக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பினால் மற்ற மூன்றும் தாமே நிரம்பிவிடும். சுதந்திரம் ஒன்றுதான், எல்லை 3.84. இஸட்டின் எல்லையான 1.96ஐ வர்க்கம் செய்து பாருங்கள், அதே 3.84. பியர்சன் கடைசிவரை இதை ஏற்கவில்லை.

அமெரிக்காவில் 1954இல் நடந்த சால்க் போலியோ தடுப்பூசிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். மருந்து போட்ட 2,00,745 குழந்தைகளில் 57 பேருக்கு நோய். வெற்று ஊசி போட்ட 2,01,229 பேரில் 142. நான்கு கட்டங்களையும் எழுதி மூலைக்கு மூலை பெருக்கினால் தாளில் விழுவது ஒரு பெருக்கல் குறி, கிட்டத்தட்ட அந்தக் கிரேக்க எழுத்தின் வடிவமே. இஸட் ஏறக்குறைய 6, கை வர்க்கம் 36.

ஆனால் மைனஸ் 6ஐ வர்க்கம் செய்தாலும் 36தான். ஊசி காத்ததா கெடுத்ததா என்று அந்த 36 சொல்லாது. அதற்கு மறுபடி 57க்கும் 142க்கும்தான் போக வேண்டும்.