திருச்சுழித் தரிசிலிருந்து ஞாபகசக்தி குப்பிக்கு

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் போதும், திருச்சுழியைச் சுற்றியுள்ள தரிசுகளில் விஷ்ணுகரந்தை துளிர்த்துவிடும். நிமிர்ந்து நிற்கிற செடி அல்ல அது. கோடை முழுக்க மண்ணுக்குள் இறுகிக் கிடந்த வேரிலிருந்து நூல் நூலாகக் கிளை பிரிந்து, நாலா பக்கமும் தரையோடு தரையாகப் படரும். சின்னச் சின்ன இலைகள். தடவினால் பட்டு மாதிரி ஒரு மயிர்ப்பூச்சு விரலில் படும். பூ ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. ஆனால் நீலம் என்றால் அப்படியொரு நீலம். காலையில் விரியும், உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்ளும்.

மூலிகை எடுக்கப் போகிற பெண்கள் விடியற்காலையில் கிளம்புவதற்கு அந்தப் பூதான் காரணம். கையில் களைச்சுரண்டி, இடுப்பில் மடித்த சாக்கு. உழாமல் போட்ட கரிசல் ஓரம், கண்மாய்க் கரை, ஆடு மேய்கிற பொட்டல் என்று குனிந்தபடியே போவார்கள். “வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துரணும்த்தா. பூ மூடிருச்சுன்னா சின்னப்பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது, கண்டதையும் பிடுங்கிப் போட்டுருங்க” என்று மூத்தவர் சொல்வது வெறும் பேச்சல்ல. இந்தச் செடியின் வரலாற்றில் அடையாளம்தான் முதல் பிரச்சினை, கடைசிப் பிரச்சினையும் அதுவே. மூத்தவருக்குப் பூ வேண்டியதில்லை. படர்ந்த விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

மருந்துக்குச் சமூலம் வேண்டும்; அதாவது வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்த முழுச்செடி. ஆகவே சுரண்டி வேருக்கு அடியில் இறங்குகிறது. பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்குத் துளிர்க்க ஒன்றும் மிஞ்சாது, விதை விழுந்திருந்தால் ஒழிய. காய் முற்றி வெடித்தபின் எடுத்தால் தரிசு அடுத்த வருஷமும் கொடுக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள், நாலைந்து செடிக்கு ஒன்றை விட்டும் வருகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் வந்து எடுத்துவிடுவாரோ என்ற பயம் இருக்கிற இடத்தில் யார் காத்திருப்பார்கள்? சீமைக்கருவேலம் மூடிய தரிசில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அந்த நிழலில் விஷ்ணுகரந்தை பிழைக்காது, அதற்கு வெறும் வெயில் வேண்டும்.

மண்ணை உதறி, நிழலில் பரப்பி, நாளுக்கு இரண்டு தரம் புரட்டிவிட்டுக் காயவைக்கிறார்கள். காய்ந்தபின் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீலமும் போய்விடும். மிஞ்சுவது பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு பிடி நார். இதைச் சாக்கில் திணித்துக் கட்டிய பிறகு, எடுத்தவர் கண்ணைத் தவிர அது இன்ன செடி என்று சொல்ல எதுவும் இல்லை. பெயரும் தொல்லை தருகிறது. கொட்டைக்கரந்தை, சிவகரந்தை என்று வேறு கரந்தைகளும் நாட்டு மருந்துக் கடையில் உண்டு. அவற்றுக்கும் இதற்கும் உறவில்லை. மூட்டையின் மேல் வெறுமனே ‘கரந்தை’ என்று எழுதினால் போயிற்று.

மூட்டை உள்ளூர் வியாபாரியிடம் போகிறது. மண், ஈரம் என்று கழிவு பிடித்தபின் நிற்கிற எடைக்குத்தான் காசு. இந்த நிலையை மாற்றப் பார்த்த ஒரு முயற்சியைச் சொல்லாமல் போக முடியாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெங்களூரிலுள்ள எஃப்.ஆர்.எல்.எச்.டி. அமைப்பின் துணையோடு மதுரை வட்டாரத்தில் ‘கிராம மூலிகை கம்பெனி லிமிடெட்’ தொடங்கப்பட்டது. மூலிகை எடுக்கிற பெண்களின் குழுக்களே அதில் பங்குதாரர்கள். அவர்களே சுத்தம்செய்து, தரம் பிரித்து, பெரிய மருந்துக் கம்பெனிகளுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்புவது திட்டம். கூலி கூடுகிறது என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: செடியை முகம் பார்த்து அறிந்த கையும், அதற்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற கையும் ஒன்றாகிறது.

தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காகச் செய்யப்பட்டு 2008-ல் நூலாக வந்த ஆய்வு, இந்தியாவில் 960 வகை மூலிகைகள் விற்று வாங்கப்படுகின்றன என்றது. அவற்றில் 178 வகைகள் வருஷத்துக்கு 100 டன்னுக்கு மேல் செலவாகின்றன. பெரும்பகுதி வயலில் விளைவிப்பதல்ல. காட்டிலும் தரிசிலும் எடுப்பது. அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலையில் போகிற ஏதோ ஒரு லாரியில் இந்தச் சாக்குகளும் இருக்கும்.

அந்த லாரி போய்ச் சேருகிற மருந்துக் கம்பெனியில்தான் செடிக்கு வேலை மாறுகிறது. நம் பக்கத்துச் சித்த வைத்தியத்தில் விஷ்ணுகரந்தை முதலில் காய்ச்சல் மருந்து. விடாத சுரத்துக்குக் கஷாயம் வைப்பார்கள். கேரளத்தில் தசபுஷ்பம் எனப்படும் பத்துப் பூக்களில் இதுவும் ஒன்று. ஞாபகத்துக்கு நம்மவர்கள் சொல்வது வல்லாரை. அது ஈரம் கேட்கிற கீரை, இந்த வறண்ட சீமையில் கிணற்றடியில் வைத்து வளர்த்தால்தான் உண்டு. காய்ச்சல் செடியாகப் புறப்பட்டது, ஞாபக மருந்தாகக் கடைக்குத் திரும்புகிறது.

காரணம் ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை. புத்தியை வளர்க்கும் ரசாயனங்களாக அது நான்கைச் சொல்கிறது: வல்லாரைச் சாறு, பாலில் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுஷ்பி அரைத்த விழுது. நான்கில் சங்கபுஷ்பிக்கே முதலிடம் தருகிறது. அந்தச் சங்கபுஷ்பி எது? வடக்கே அது கான்வால்வுலஸ் இனத்துச் செடி. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். மத்திய அரசின் ஆயுர்வேத மருந்துநூல் ஏற்றிருப்பது இதைத்தான். கேரளத்தில் பல வைத்தியர்களுக்கு அது வேலியில் ஏறும் சங்குப்பூ. பயறு குடும்பத்துக் கொடி. சங்கபுஷ்பி என்று விற்கப்படுகிற மூன்றாவது செடி நம் தரிசில் கிடக்கும் விஷ்ணுகரந்தை, இவால்வுலஸ் அல்சினாய்டஸ். செடிகளை வகைபிரித்துப் பெயர்வைத்த லின்னேயஸ்கூட 1753-ல் இதைக் கான்வால்வுலஸ் என்றுதான் சேர்த்தார், 1762-ல் பிரித்தார். பிரித்ததற்குரிய அடையாளம் பூவுக்குள் இருக்கிறது. கான்வால்வுலஸுக்குச் சூல்தண்டு ஒன்று. இதற்கு இரண்டு, இரண்டும் நுனியில் மறுபடி பிளந்து நான்கு இழையாகத் தெரியும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் யாரும் காணலாம், காலைப் பத்து மணிக்குள் என்றால். பொடியாகி, சாறு வடித்து, சுண்டக் காய்ச்சி, மாவாகத் தெளித்து உலர்த்திய பிறகு ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும்.

அதனால் ஞாபகசக்திக்கென்று சங்கபுஷ்பி குப்பியை வாங்குகிறவர்கள் முன்பக்கத்து எழுத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆயுர்வேத மருந்து என்றால் சேர்ந்திருப்பவற்றின் பட்டியலும் அளவும் இருக்க வேண்டும். ‘சங்கபுஷ்பி’ என்று மட்டும் இருந்தால் அது மூன்று செடிகளில் எது என்று உங்களுக்குத் தெரியாது. தாவரவியல் பெயர் இருந்தால் தெரியும்.

பலன் உண்டா? 2010-ல் ‘பைட்டோதெரபி ரிசர்ச்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, இவால்வுலஸ் சாறு கொடுத்த எலிகள், மறதியை உண்டாக்கும் ஸ்கோபோலமின் மருந்துக்குப் பிறகும் கற்றதை மேலாக நினைவில் வைத்திருந்ததாகச் சொல்கிறது. நல்ல செய்தி, ஆனால் எலியின் செய்தி. மனிதர்களிடம் ஓரளவு கட்டுப்பாட்டோடு சோதிக்கப்பட்டது வேறொரு செடி, நீர்ப்பிரம்மி. ஆஸ்திரேலியாவில் 2001-லும் 2002-லும் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், மூன்று மாதம்போலத் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம்தான் வித்தியாசம் தெரிந்தது. நம் வீடுகளில் மாசி பிறந்ததும், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் குப்பி வாங்குகிறோம். அந்தக் கணக்கில் நீர்ப்பிரம்மிகூட வேலை செய்யாது. பிள்ளை ராத்திரி நன்றாகத் தூங்குவதே அப்போது பெரிய உதவி.

தீங்கு இல்லாத பச்சிலைதானே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1992-ல் மும்பை மருத்துவர்கள் ஒரு விஷயத்தைப் பதிவுசெய்தார்கள். வலிப்புக்காக ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர், பல மூலிகை சேர்ந்த சங்கபுஷ்பி மருந்தையும் குடித்தார்கள். அடங்கியிருந்த வலிப்பு மறுபடி வந்தது. எலிகளில் பார்த்தபோது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் மாத்திரையின் அளவு இறங்கியது. வலிப்பு மருந்து எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், சிரப்போ மாத்திரையோ, குப்பியை அப்படியே டாக்டரிடம் எடுத்துப்போய்ப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு மூடியைத் திறக்கலாம்.