'சன்-ஜாவா5' பிறந்த கதை

டெபியன் லினக்ஸின் 'மெயின்' பகுதியில் ஒரு மென்பொருள் இடம்பெற, அதன் உரிமம் கட்டற்றதாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கம்பைல் செய்யும் கருவியும் மெயினிலேயே இருந்தாக வேண்டும். ஜாவாவில் எழுதியவர்கள் பல ஆண்டுகள் திண்டாடியது இதனால்தான். எழுதியவர் மூலநிரலைத் தாராளமாகக் கொடுத்திருப்பார். ஆனால் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் 'ஜாவாசி' கம்பைலர் இல்லாமல் அது அசையாது. ஆகவே 'கான்ட்ரிப்' என்ற திண்ணையோடு சரி, வீட்டுக்குள் அனுமதியில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2004இல் இதை ஒரு பொறி என்றே எழுதினார்.

சன்னின் ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிகே இலவசமாகத்தான் கிடைத்தது. ஆனால் அதைப் பிரித்து, டெப் பேக்கேஜாகக் கட்டி, தன் சர்வரிலிருந்து வழங்க எந்த லினக்ஸ் விநியோகத்துக்கும் உரிமம் இடம் தரவில்லை. பயனரே கோப்பை இறக்கி, பக்கம் பக்கமாக ஓடும் உரிமத்தின் கடைசியில் 'யெஸ்' என்று தட்ட வேண்டியிருந்தது. அப்படி நிறுவியது பேக்கேஜ் கணக்கில் சேராது. புதுப் பதிப்பு வந்தாலும் தானாக ஏறாது. டெபியன்காரர்கள் 'மேக்-ஜேபிகேஜி' என்றொரு கருவி செய்தார்கள். கோப்பை நீ கொண்டு வா, டெப்பாக நான் கட்டித் தருகிறேன் என்ற ஏற்பாடு. உரிமத்தை மீறாத சாமர்த்தியம்!

மறுபுறம், ஜிசிஜே என்ற கட்டற்ற கம்பைலரும் குனு கிளாஸ்பாத் நூலகமும் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தன. 2005இல் ஃபெடோரா 4, எக்ளிப்ஸ் என்ற பெரிய நிரலாக்கக் கருவியையே ஜிசிஜே கொண்டு கம்பைல் செய்து வெளியிட்டது. சன்னின் கெடுபிடி தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

2006 மே மாதம், சான் பிரான்சிஸ்கோவின் ஜாவாஒன் மாநாட்டில் டிஎல்ஜே என்ற புதிய உரிமத்தைச் சன் அறிவித்தது. இயங்குதள விநியோகத்தார் இனி ஜேடிகேயைத் தங்கள் பேக்கேஜ் வடிவில் கட்டித் தரலாம். அப்படிப் பிறந்ததுதான் 'சன்-ஜாவா5'. கட்டற்றவை அல்லாதவற்றுக்கென டெபியனில் உள்ள 'நான்-ஃப்ரீ' பகுதியிலும், டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவின் 'மல்டிவெர்ஸ்' பகுதியிலும் அது சேர்ந்தது.

நுட்ப வேலை அதிகமில்லை. சன் தந்த பைனரிகளைத் தொடாமல், ஓட்டுவதற்கு வேண்டியது, கம்பைலர், உலாவிச் செருகி எனத் தனித்தனிப் பேக்கேஜ்களாகப் பிரித்தார்கள். 'ஜாவா' என்று தட்டினால் ஜிசிஜே எழ வேண்டுமா, சன்னுடையது எழ வேண்டுமா என்பதை டெபியனில் ஏற்கெனவே இருந்த 'ஆல்டர்னேட்டிவ்ஸ்' ஏற்பாடு பார்த்துக்கொண்டது. சண்டையெல்லாம் உரிமத்தின் வாசகத்தில்தான். அதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருளோடு சேர்த்து ஓடும்படி அமைக்கக் கூடாது என்றது ஒரு விதி. ஜிசிஜேயை வைத்திருக்கும் டெபியன் என்ன செய்யும்? வழக்கு வந்தால் சன்னின் இழப்பை விநியோகிப்பவரே ஏற்க வேண்டும் என்றது இன்னொன்று. சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் ஒரு பெருநிறுவனத்துக்கு ஈடு நிற்பதா என்று டெபியனுக்குள்ளேயே கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது.

பயனருக்கு மிஞ்சியது ஒரு நீலத்திரை. நிறுவும்போது உரிமம் முழுவதும் அதில் விரியும். டேப் விசையை அழுத்தினால்தான் 'ஓகே'க்குப் போக முடியும். நூறு சர்வர்களை நிர்வகிப்பவர் நூறு முறை டேப் அழுத்துவாரா? சம்மதம் என்ற பதிலை நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃபில் முன்கூட்டியே பதிந்துவைக்கும் ஒரு வரி, நிர்வாகிகளின் ஸ்கிரிப்ட்களில் ஏறிவிட்டது. வழக்கறிஞர்கள் செதுக்கிய சம்மதத்தைக் கணினியே கணினிக்குக் கொடுத்தது.

2006 நவம்பர் 13 அன்று சன் ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தில் திறக்கப்போவதாக அறிவித்து, 'ஜாவாசி'யையும் ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட்டையும் முதலில் வெளியிட்டது. 2007 மேயில் நூலகங்களும் வந்தன. எழுத்துரு, ஒலி போன்ற சில துண்டுகள் பிறருக்குச் சொந்தமானவை என்பதால் வரவில்லை. அடுத்த மாதமே ரெட் ஹாட் தொடங்கிய ஐஸ்டீ திட்டம், ஓட்டைகளைக் கட்டற்ற நிரல்களால் அடைத்தது. 'ஜாவாசி' ஜாவாவிலேயே எழுதப்பட்டது. அதைக் கம்பைல் செய்ய முதலில் ஒரு ஜாவா வேண்டுமே! அதற்கு உதவியது ஜிசிஜே. 2009 பிப்ரவரியில் வந்த டெபியன் 5இல் ஓபன்ஜேடிகே மெயினுக்குள்ளேயே இருந்தது.

சன்னை வாங்கிய ஆரக்கிள், 2011 ஆகஸ்டில் டிஎல்ஜேயைத் திரும்பப் பெற்றது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்த புதிய பதிப்புகளை வழங்கும் உரிமை விநியோகங்களுக்கு இல்லாமல் போனது. அப்போது புழக்கத்தில் இருந்த அடுத்த பதிப்பான 'சன்-ஜாவா6'ஐ உபுண்டு, அதே பெயரில் வெற்றுப் பேக்கேஜ்களை அனுப்பிப் பயனர்களின் கணினிகளிலிருந்து அகற்றப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.