செருப்புக்குக் காவல்

சின்ன வயதில் மெரினாவுக்குப் போனால் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்குவார். நான் வயதுக்கு வந்ததும் அது நின்றுபோனது. போலியோ தாக்கிய வலது காலில் காலிப்பர் மாட்டியிருப்பேன். மணலில் அது புதையும், உப்புநீர் பட்டால் துருப்பிடிக்கும். தூக்கிப் போகலாம் என்றால், வயசுப் பெண்ணை யார் தூக்குவது? "நீ இங்கேயே உட்காரு கண்ணு" என்று துண்டு விரித்து, எல்லோருடைய செருப்புகளையும் என் பக்கத்தில் கழற்றிப்போட்டுவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதனால்தான் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது.

பாஸ்கல் ஹொனோரேயைப் பற்றி அறிந்தபோது அந்தத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த அவர், கார் விபத்துக்குப் பிறகு 18 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். மகன்கள் இருவரும் அலைச்சறுக்குப் பைத்தியங்கள். அம்மா கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகன்களின் நண்பர் டைரன் ஸ்வான் ஒருநாள் அவரைத் தன் முதுகோடு சேர்த்து டக்ட் டேப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறினார். 'டக்ட் டேப் சர்ஃபிங்' என்றே அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் இருக்கிறது. கரையில் காத்திருப்பதுதான் தாயின் வேலை என்ற வழக்கத்தை உடைக்க, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டுநாடா போதுமாக இருந்திருக்கிறது.

பலகையில் நின்றால்தான் அலைச்சறுக்கு என்று யார் சொன்னது? ஹவாய் மக்கள் 'பைபோ' என்ற குட்டைப் பலகையில் குப்புறப் படுத்தும் மண்டியிட்டும் அலையேறினார்கள். அங்கே பெண்களும் அலையேறினார்கள், அரச குடும்பத்துப் பெண்கள் உட்பட. 1922இல் தென்னாப்பிரிக்காவின் மியூசன்பர்க் கடலில் அகதா கிறிஸ்டி சறுக்கியதும் படுத்தபடிதான். 1971இல் டாம் மோரி ஹவாயில் உருவாக்கிய பூகி போர்டு அந்தப் படுத்த நிலையை மறுபடி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நிற்கும் ஆணின் உருவம் சுற்றுலாச் சுவரொட்டிகளில் ஏறியபோது மற்றதெல்லாம் குழந்தை விளையாட்டாகிவிட்டது.

மாற்றுத்திறனாளிகளுக்கான பலகைகளைப் பார்த்தால் அந்தப் பழைய நிலைகள்தாம் திரும்பி வந்திருக்கின்றன. கால்கள் செயலிழந்தவர் குப்புறப் படுக்க, மார்புக்கடியில் சாய்வான மெத்தை வைக்கிறார்கள். அதனால் தலையைத் தூக்கிவைக்கும் பாரம் கழுத்தில் விழுவதில்லை. பிடித்துக்கொள்ள இரு பக்கமும் கைப்பிடிகள். ஒரு முழங்கையை அழுத்திச் சாய்ந்தால் பலகை திரும்பும். உணர்ச்சியற்ற தோல் உராய்ந்து புண்ணானாலும் வலி தெரியாது, ஆகவே மேற்பரப்பு மென்மையாக இருக்க வேண்டும். உட்கார்ந்து போகிறவர்களுக்கு இருக்கையும் இடுப்புப் பட்டையும் துடுப்பும் கொண்ட வேவ்ஸ்கி. கவிழ்ந்தால் பட்டையை நொடியில் அவிழ்க்க முடிய வேண்டும், உயிர் அதில்தான் இருக்கிறது. கோடைக்கால, குளிர்கால பாராலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண்ணான அலானா நிக்கல்ஸ் அலையேறுவது இந்த வேவ்ஸ்கியில்.

2003இல் சுறா கடித்து இடது கையை இழந்தபோது பெத்தனி ஹாமில்டனுக்கு 13 வயது. ஒரு மாதத்துக்குள் கடலுக்குத் திரும்பினாள். அவள் துணிச்சலைப் பற்றிப் படமே எடுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது, அலைக்கடியில் மூழ்கிக் கடக்கும்போது ஒற்றைக் கையால் பற்றிக்கொள்ள அவளுடைய அப்பா பலகையில் பொருத்திய கைப்பிடி. துணிச்சலைப் பாராட்டுகிறவர்கள் கைப்பிடியைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களிடம் துணிச்சலை மட்டும் எதிர்பார்ப்பது மற்றவர்களுக்குச் செலவில்லாத காரியம்.

1986இலேயே ஆஸ்திரேலியாவில் கேரி பிளாஷ்கே மாற்றுத்திறனாளிச் சறுக்கர்களுக்கான சங்கத்தைத் தொடங்கிவிட்டார். உலகப் போட்டி வந்தது 2015இல், கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில். தொடக்கத்தில் பெண்களுக்குத் தனிப்பிரிவு இல்லை. முழங்காலுக்கு மேல் ஒரு காலை இழந்த டானி பர்ட் போன்றவர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள், 2017இல் பெண்கள் பிரிவில் அவரே பட்டமும் வென்றார். இன்று நிற்பவர், மண்டியிடுபவர், அமர்பவர், படுப்பவர், பார்வையற்றவர் என்று வகுப்புகள் உண்டு. படுப்பவர்களில் உதவியாளரோடு இறங்குபவர்களுக்குத் தனி வகுப்பு. பிறர் கை பட்டால் சாதனை குறைந்துவிடாது என்று ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம் ஒப்புக்கொண்டதைப் படித்தபோது, மாமாவின் தோளை நினைத்துக்கொண்டேன். பாராலிம்பிக்கில் மட்டும் இன்னும் இடமில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மலையேற்றச் சுவர் தேர்வானது, அலை தேர்வாகவில்லை.

2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. அதன்பின் ஒருநாள் போனேன். பாதை தண்ணீருக்குச் சற்று முன்பே முடிந்துவிடுகிறது. நான் காலிப்பரைக் கழற்றினேன். மீதித் தூரத்தை மணலில் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தேன், சுண்டல் விற்கும் பையன் வேடிக்கை பார்த்தான். முதல் அலை இடுப்புவரை வந்து சேலையை முழுக்க நனைத்தது. திரும்பிப் பார்த்தேன். பாதையின் முனையில் அம்மா, என் காலிப்பரையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.