சேவல் கழுத்தும் சிவப்புக் கம்பளியும்

சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் நீலகிரியில்கூட இன்று அதிகம் இருக்கமாட்டார்கள். சின்ன இறகுதான். நடுத்தண்டு வெள்ளை. நுனியை ஒட்டி, உருகிய மெழுகு சொட்டி உறைந்ததுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் பளபளக்கும். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் வழவழவென்று தகடாக இருக்கும். இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத பறவை இது. ஆனால் இதன் கழுத்தை அதிகம் தேடியவர்கள் இந்தியர்கள் அல்லர்; ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் பிடித்த கனவான்கள்.

நான் இந்த இறகை முதலில் பார்த்தது காட்டில் அல்ல, ஒரு பிஸ்கட் டின்னில். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தபோது அங்கே டீமேக்கராக இருந்த பெரியவருக்கு, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி செய்யும் பழக்கம் இருந்தது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பழைய துரை ஒருவர். “ஈ கட்டுறது” என்பார் அந்த டீமேக்கர் ஐயா. இரவு ஷிப்டில் இலை வாடும் நேரத்தில் எனக்கும் கட்டப் பழக்கினார். பிறகு கல்யாணம், குழந்தைகள், கடன் என்று எல்லாம் வந்து அந்த வேலை கையை விட்டுப் போயிற்று. பணி ஓய்வுக்குப் பிறகு மறுபடி மேசை ஓரத்தில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸைப் பூட்டியிருக்கிறேன். கண்ணுக்குக் கண்ணாடியும் அதற்கு மேல் ஒரு லென்ஸும் வேண்டியிருக்கிறது. கட்டக் கட்ட, இந்தக் கைவேலையின் பழங்கதையையும் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று தெளிவாயிற்று. ஈ கட்டுவதில் இரண்டு வம்சங்கள் உண்டு. ஒன்று ஆற்றைப் பார்த்துக் கட்டியது. மற்றது இறகைப் பார்த்துக் கட்டியது.

முதல் வம்சம் மிகப் பழையது. கி.பி. 200 வாக்கில் ரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனியாவில் அஸ்த்ரேயஸ் என்ற ஆற்றில் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். உடம்பில் புள்ளியுள்ள மீன்கள் நீர்மேல் பறந்து இறங்கும் ஒரு பூச்சியைத் தின்னும். அந்தப் பூச்சியையே முள்ளில் குத்தலாமே என்றால் முடியாது. மனிதக் கை பட்டதும் அதன் நிறம் மங்கும், இறக்கை வாடும். ஆகவே மீனவர்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டை அதில் சேர்த்தார்கள். கோல் ஆறடி, கயிறும் ஆறடி. எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று இது. இதில் பகட்டு எதுவும் இல்லை. உண்மைப் பூச்சி பயன்படாததால் பொய்ப் பூச்சி பிறந்தது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1496-இல் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு ஈக்களைச் சொல்கிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவியின் பெயரில் நெடுங்காலம் வழங்கிவந்த நூல் அது. எந்த மாதத்துக்கு எந்த ஈ என்று மாதவாரியாகப் பிரித்திருக்கிறது. நம் ஊரில் ஆடிக்கு ஒரு விதை, ஐப்பசிக்கு ஒரு விதை என்று விவசாயி வைத்திருக்கும் கணக்கேதான். 1676-இல் ஐசக் வால்ட்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு இரண்டாம் பாகம் எழுதிய சார்ல்ஸ் காட்டனும் டவ் ஆற்றங்கரையிலிருந்து அதே மாதக் கணக்கைத்தான் விரித்தார்.

இந்த வம்சத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆல்ஃப்ரட் ரோனல்ட்ஸ். ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிளைத் ஆற்றின்மேல் ஒரு குடிசை கட்டி, அதற்குள் உட்கார்ந்து ட்ரவுட் மீன்களை வேவு பார்த்தவர். மீனுக்குக் காது கேட்குமா என்று பார்க்கத் துப்பாக்கி வெடிக்கச் செய்தார், மீன்கள் அசையவில்லை. ருசி தெரியுமா என்று பார்க்கச் செத்த வீட்டு ஈக்களில் மிளகாய்த்தூளும் கடுகும் தடவி, தகரக் குழாய் வழியாக ஊதி நீரில் விழச் செய்தார், மீன்கள் விழுங்கிவிட்டன. இதையெல்லாம் வைத்து 1836-இல் அவர் வெளியிட்ட நூல், ஆற்றுப் பூச்சியையும் அதைப் பார்த்துக் கட்டிய ஈயையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டியது. இன்ன பூச்சிக்கு இன்ன ஈ என்று பெயர் சொல்லிப் பொருத்தும் பழக்கம் அந்த நூலுக்குப் பிறகுதான் வேரூன்றியது.

அடுத்து வந்தவர்களுக்குள் சண்டையும் உண்டு. 1886-இல் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் நீர்மேல் மிதக்கும் ஈயைக் கட்டும் விதத்தை நூலாக்கினார். அதற்கு விறைப்பான சேவல் இறகு வேண்டும். முள்ளைச் சுற்றி இறகைச் சுழற்றினால் இழைகள் நாற்புறமும் குத்திட்டு நின்று, ஈயை நீர்ப்பரப்பின்மேல் தாங்கும். பெட்டைக்கோழி இறகு மெத்தென்றிருக்கும். அது முழுகி, ஓட்டத்தில் அசையும். மிதக்கும் ஈதான் மரியாதையான ஈ என்று ஹால்ஃபோர்டின் சீடர்கள் விதி போட்டார்கள். மீனோ பெரும்பாலான உணவை நீருக்கடியில்தான் தின்கிறது என்று ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் 1910-இல் எழுதினார். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஃப்ராங்க் சாயர் சண்டைக்கே போகவில்லை. ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் மெல்லிய செப்புக் கம்பியும் மட்டும் வைத்து, நூலே இல்லாமல், நீருக்குள் முழுகும் ஒரு பூச்சியைக் கட்டினார். கம்பியே நூல், கம்பியே எடை. அந்த ஈ இன்று உலகெங்கும் புழங்குகிறது.

இரண்டாம் வம்சம் சால்மனில் தொடங்குகிறது. வளர்ந்த சால்மன் கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்கு வந்தபின் இரை தேடுவதில்லை. ஆனாலும் சில நேரம் ஈயைக் கவ்வுகிறது. எதைப் பார்த்துக் கவ்வுகிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாததால், எதை வேண்டுமானாலும் சொல்ல இடம் கிடைத்தது. விக்டோரியா காலத்தில் ஜார்ஜ் கெல்சன் போன்றவர்கள் அந்த இடத்தை இறகால் நிரப்பினார்கள். 1895-இல் வந்த அவருடைய சால்மன் ஈ நூலில் நூற்றுக்கணக்கான செய்முறைகள் உண்டு. இன்ன ஆற்றுக்கு, இன்ன வெளிச்சத்துக்கு இன்ன ஈ என்று அறிவியல் தொனியில் எழுதியிருப்பார். ஸ்காட்டிஷ் வேட்டைக் கையாள் ஒருவர் பெயரால் வழங்கும் ‘ஜாக் ஸ்காட்’ என்ற ஒற்றை ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்க டூக்கன், நெருப்புக்கோழி, கினிக்கோழி, வான்கோழி, மயில், சீனத்துப் பொன் ஃபெசன்ட், மக்கா கிளி இத்தனையும் ஒரு விரற்கடை முள்ளில் ஏறும். கன்னத்தில் கண் மாதிரி வைக்க நம் காட்டுக்கோழி. அந்தக் காலத்து வேறு செய்முறைகளில் நம் வரகுக்கோழியின் இறகும் வரும். பெண்களின் தொப்பிக்காகக் கப்பல் கப்பலாக லண்டனுக்கு வந்து குவிந்த இறகு வியாபாரம்தான் இதைச் சாத்தியமாக்கியது. சாம்ராஜ்யத்தின் சரக்குப் பட்டியலை முள்ளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. 1921-இல் பிரிட்டன் இறகு இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டது. அதன்பின்னும் காட்டுக்கோழிக் கழுத்து எப்படியோ போய்க்கொண்டிருந்தது. 1960-களின் இறுதியில் அதன் ஏற்றுமதிக்குத் தனியே தடை வந்தது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கும் கடிவாளம் போட்டது. இப்போது வெளிநாட்டில் சட்டப்படி விற்கும் கழுத்துகள் அங்கேயே கூண்டில் வளர்த்த பறவைகளுடையவை.

சட்டம் தடுத்தாலும் ஆசை நிற்கவில்லை. 2009 ஜூனில் எட்வின் ரிஸ்ட் என்ற இருபது வயது இசை மாணவர், லண்டனுக்கு அருகே ட்ரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். ஆல்ஃப்ரட் ரஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. எல்லாம் சால்மன் ஈக்களுக்காக. அவர் கட்டிய ஈக்கள் கண்ணைப் பறிப்பவை. மீன் பிடிப்பதில் அவருக்கு நாட்டமே இல்லை. இறகைப் பார்த்துக் கட்டும் வம்சம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் நீதிமன்றம்.

நீலகிரிக்கு ட்ரவுட் வந்ததும் அந்தச் சாம்ராஜ்ய காலத்துக் கதைதான். 1860-களில் மதராஸ் ராணுவ மருத்துவர் ஃப்ரான்சிஸ் டே கப்பலில் ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1879-இலேயே நீலகிரி வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ட்ரவுட் நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச்.சி. வில்சன் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையை நிறுவிய பிறகுதான். மீனோடு ஈயும் வந்தது. எங்கள் ஐயாவின் பிஸ்கட் டின்னில் துரை விட்டுப்போன சீமை ஈக்கள் சில இருந்தன. அவற்றின் கன்னத்தில் காட்டுக்கோழிப் புள்ளி. இந்த மலைச் சரிவில் கூவிய பறவை கடல் தாண்டிப் போய், முள்ளில் ஏறி, பெட்டியில் அடுக்கி, காசு கொடுத்து வாங்கிய சாமானாக இதே மலைக்குத் திரும்பியிருக்கிறது. “நம்ம கோழிதான்டா, சீமைக்குப் போயிட்டு வந்திருக்கு” என்று ஐயா சிரிப்பார். அவர் கட்டியவற்றில் அந்த இறகு ஒருநாளும் இருந்ததில்லை. ஊர்க்கோழியும் முயல் ரோமமும் அவருக்குப் போதுமாக இருந்தன; மீனுக்கும் போதுமாக இருந்தன.

இந்த வேலையில் பெயர் பெற்ற பலர் தூண்டில் போடாதவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் ப்ரோரா ஊருக்கு அருகே கடலோரக் குடிசையில் ஜன்னல் வெளிச்சத்தில் வாழ்நாள் முழுக்கச் சால்மன் ஈ கட்டியவர் மேகன் பாய்ட். அப்போது இளவரசராக இருந்த சார்ல்ஸ் அவருடைய வாடிக்கைக்காரர். 1971-இல் அரச பதக்கம் தந்தபோது, நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரண்மனைக்குப் போகவில்லை. பாய்ட் ஒரு மீனும் பிடித்ததில்லை. இன்று கடைகளில் விற்கும் ஈக்களில் ஏராளமானவை கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் கூலிக்குக் கட்டுகிறவர்களின் கையால் வருகின்றன. அவர்களில் எத்தனை பேர் ட்ரவுட்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? ஈ கட்டும் வரலாற்றில் ஆற்றங்கரைக் கனவான்களின் பெயர்களே நிரம்பியிருக்கின்றன. ஆனால் முடிச்சுப் போட்ட விரல்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பெயரில்லாத விரல்கள்.

நான் கட்டாமல் விட்டிருந்த ஆண்டுகளில் இந்த வேலை நிறைய மாறியிருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோவில் டாம் வைட்டிங் போன்றவர்கள், முட்டைக்கோ கறிக்கோ அல்லாமல், இறகுக்காகவே சேவல் வளர்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நீளமும் விறைப்பும் உள்ள இறகை வரவழைத்திருக்கிறார்கள். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் அந்தக் கோடு போட்ட சேவல் இறகைத் தலைமுடியில் செருகும் மோகம் பரவி, ஈ கட்டுகிறவர்களுக்கு இறகே கிடைக்காமல் விலை தாறுமாறாக ஏறியது. நூறாண்டுக்கு முன் தொப்பிக்கு வந்த இறகை ஈ கட்டுகிறவர்கள் எடுத்தார்கள். இந்த முறை ஈக்கு வளர்த்த இறகைக் கூந்தல் எடுத்துக்கொண்டது.

எனக்கு அந்தச் சேவலும் வேண்டாம், அந்த விலையும் வேண்டாம். மார்க்கெட்டில் நாட்டுக்கோழிக் கடைக்காரரிடம் போனேன்.

“தம்பி, சிவப்புச் சேவல் அறுத்தா கழுத்துத் தோலை இறகோட எனக்கு எடுத்து வைப்பா.”

அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்கு சார்? யாருக்காவது ஏதாவது வைக்கப் போறீங்களா?”

“மீனுக்குத்தான் வைக்கப் போறேன்.”

நம்பினாரோ இல்லையோ, காசு வாங்காமல் தருகிறார். தோலில் உப்பும் மஞ்சளும் தடவி நிழலில் காயவைத்தால் பூச்சி அரிக்காது. மோட்டார் காயில் சுற்றும் கடையில் எரிந்துபோன காயிலிலிருந்து தலைமுடி கனத்துக்குச் செப்புக் கம்பி கிடைக்கிறது; சாயரின் முறைக்கு அதுவே போதும். நூல் தையல் கடையில், மெழுகு செருப்புத் தைப்பவரிடம், வார்னிஷ் பேத்தியின் நகப்பூச்சு. விரல் நடுங்கும் நாளில் பெரிய முள், நிதானமான நாளில் சிறிய முள்.

கட்டத் தொடங்க நினைக்கிறவர்கள் ஜாக் ஸ்காட்டின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மாசிடோனிய மீனவரின் ஈயைக் கட்டுங்கள்: ஒரு முள், ஒரு முழம் சிவப்புக் கம்பளி, சேவல் கழுத்தில் இரண்டு இறகு. நூலை முள்ளின் கழுத்திலிருந்து வால்வரை நெருக்கமாகச் சுற்றி, கம்பளியை மேலேற்றி, இறகைத் தண்டோடு பிடித்து இரண்டு சுற்று, பிறகு முடிச்சு. இழுத்துப் பார்த்து அவிழாமல் நின்றால் அது ஈ. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளாக அதற்குப் பெயரும் இல்லை, விலையும் இல்லை, தடையும் இல்லை.